குறுக்கே ஒரு கயிறு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேலாயுதமா, அந்த ஆளிடம் வாயைக் கொடுக்காதே என்பார்கள். அந்தக் கோபத்துக்காகவே அதே ஆட்கள் என்னைப் பேஸ்பால் ஆட்டத்துக்கு அம்பயராகப் பிடித்துப் போட்டார்கள். பட்டு நெய்கிறவனுக்கும் அமெரிக்கக்காரன் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 

நடந்தது இதுதான். பக்கத்துக் கிராமமான தாமலில் கோழி வளர்ப்பு சொல்லிக்கொடுக்க ராபர்ட் என்று ஒரு அமெரிக்கர் அறுபத்தாறில் வந்தார். எங்கள் தெருவில் ஒரு மாடி அறையில் தங்கினார். பகலெல்லாம் தாமலில் கோழியோடு இருப்பார், சாயந்திரமானால் மட்டையும் பந்துமாகக் கிளம்பிவிடுவார். தாமல் ஏரி வற்றிக் கிடக்கிற மாதங்களில் அங்கே விவசாயக் குடும்பத்து ஆட்களுக்கும், மற்ற நாட்களில் வேகவதி ஆற்று மணலில் எங்கள் தெருத் தறிக்காரர்களுக்கும் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து ஊருக்குக் கிளம்பும்போது கோழிகளைத் தாமலுக்கு விட்டார். மட்டைகளையும், தோல் கையுறைகளையும், ஒரு விதிப் புத்தகத்தையும் எங்களுக்கு விட்டார். கோழிகள் அடுத்த மழையில் சீக்கு வந்து போயின. ஆட்டம் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாலு மூலையில் நாலு மணல் சாக்கு. அதற்குப் பேஸ் என்று பெயர். பந்தை அடித்தவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றி ஓடி, கிளம்பின இடத்துக்கே, அதாவது ஹோமுக்கு, வந்து சேர்ந்தால் ஒரு ரன். வழியில் பந்தோடு தொட்டுவிட்டால் அவுட். ஓடுகிறவனுக்கு நடுவில் ஏதாவது கோளாறு வந்தால், அவனை எந்தப் பேஸில் கொண்டுபோய் நிறுத்துவது என்று அம்பயர் தீர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த ஆட்டத்தில் பிடித்ததே அதுதான். அவுட் சொல்வதில் என்ன இருக்கிறது, கண் இருக்கிறவன் எவனும் சொல்லுவான். ஒருத்தனைக் கைகாட்டி, போ, அந்தப் பேஸ் உனக்கு என்று கொடுப்பது இருக்கிறதே, அது வேறு.

ஆனால் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. புத்தகத்தைப் படித்தது என் தங்கை பெரியநாயகி.

எங்கள் அப்பா போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதற்கப்புறம் நான்தான் அவளுக்கு எல்லாம். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்கவைத்தேன். அதை நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பள்ளிக்கூடம் முடிந்ததும் என் தறியில் வந்து உட்கார்ந்தாள். நான் நெய்வது கோர்வைப் புடவை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் இழை இழையாகக் கோர்த்து வரவேண்டும். அதற்கு ஒரு ஆள் போதாது. நடுவில் நான் உட்கார்ந்தால், வலது ஓரத்தில் கரை நூல் ஓட்டுகிற நாடாவை வாங்கி வீச இன்னொரு கை வேண்டும். ஏழு வருஷமாக அந்தக் கை நாயகியுடையது. அவள் கோர்த்த கரையைத் தடவிப் பார்த்தால் எங்கே சேர்ந்தது என்று தெரியாது.

புத்தகத்தை அவள் மடியில் வைத்துக்கொண்டு, நாடா வந்து போகிற இடைவெளியில் படித்துச் சொல்லுவாள். நான் கேள்வி கேட்பேன். பந்து எருமைக் கூட்டத்துக்குள் போய்விட்டால்? ஆட்டத்துக்கு வெளியே போன பந்து என்று கணக்கு, ரெண்டு பேஸ்ணா என்பாள். வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டால்? அதற்கும் ரெண்டுதான். தலையிலோ தோளிலோ இருக்கிற துணியைக் கழற்றிப் பந்தின் மேல் எறிந்து நிறுத்தினால்? மூணு. இந்த மூன்று பேஸ் விதியை வைத்துத் தாமல்காரர்களை நான் படுத்தின பாடு கொஞ்சமில்லை. அவர்களுக்குப் பந்து கைக்கு எட்டவில்லை என்றால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து வீசுவது வழக்கம், காக்காய் விரட்டின கை. ஒரே ஆட்டத்தில் நாலு தரம் மூன்று பேஸ் கொடுத்தேன். ஐந்தாம் தரம் எல்லோரும் துண்டை இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள்.

ஆட்டத்தன்று நாயகி எனக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட கூடைமேல் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். எனக்குச் சந்தேகம் வந்தால் வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிப் பார்ப்பேன். அவள் மடியில் விரலை நீட்டிக் காட்டுவாள். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல். நான் திரும்பிக் கத்துவேன். இது ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரியும் என்று லோகாம்பாள், என் பெண்சாதி, பின்னால் சொன்னாள்.

நான் சொல்ல வந்தது எழுபதாம் வருஷம் ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. அன்றைக்கு என் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. மெட்ராஸில் பெண்களுக்கு உடற்பயிற்சி டீச்சர் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிற பள்ளியில் சேர்வதற்கான தாள். நாயகிக்கு இடம் கிடைத்திருந்தது. கீழே காப்பாளர் கையெழுத்து என்று ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டில் நான் கையெழுத்துப் போட்டு, அவள் திங்கட்கிழமை சாயந்திரத்துக்குள் தாளோடு போய் நேரில் நிற்க வேண்டும். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும் என்று அவளுடைய பழைய பள்ளிக்கூடத்து லில்லி டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இதே தாள் போன வருஷமும் வந்தது. அப்போது என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. தாளை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மறுநாள் விடிகாலை தெருவில் புதுப் பாவு விரித்தேன்.

பாவு என்பது புடவையின் நீள இழை. மூன்று புடவைக்கு வேண்டிய இழையைச் சேர்த்து, தெருவில் முளைக்குச்சி நட்டு, இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிச்சுப் போட்டுச் சீர்செய்து, பிறகு தறியில் ஏற்றுவோம். தெருவே வந்து கை கொடுக்கும். ஏற்றியாகிவிட்டால் இரண்டு மாதத்துக்குத் தறி நிற்காது. பாவு ஏறின தறியைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. நாயகி வாசலில் வந்து நின்று பார்த்தாள். உள்ளே போய், எடுத்துவைத்திருந்த துணிகளைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். தறியில் பாவு பிணைக்க வந்து உட்கார்ந்தாள். அந்தப் பாவு முடிந்தபோது பள்ளி திறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

யாராவது கேட்டால் நான் எங்கே தடுத்தேன், அவளே நின்றுவிட்டாள் என்று சொன்னேன். லில்லி டீச்சரிடமும் அதையே முகத்துக்கு நேராகச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிப் போயிருந்தது.

இந்த வருஷமும் பார்த்தால் அப்படியே வந்து பொருந்தியது. சனிக்கிழமை கடைசிப் புடவை அறுத்தாகிவிட்டது. அடுத்த பாவு தயாராகச் சுருட்டி வைத்திருந்தது. திங்கட்கிழமை விடிகாலை விரிக்கப்போகிறேன் என்று தெருவில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. நாயகி என்னிடம் ஒரே தரம்தான் கேட்டாள், திங்கட்கிழமை கடைசி நாள்ணா என்று. பார்க்கலாம் என்றேன். கோர்வைக்கு நான் உட்காருகிறேன் என்று லோகாம்பாள் சொன்னாள். உன் கை தளர்வு, கரை நெளியும் என்று நான் வெடுக்கென்று சொன்னேன். தாளைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டத்துக்குப் போய்விட்டேன்.

வேகவதியில் அப்போது தண்ணீர் ஏது, வெறும் மணல். தாமலிலிருந்து இரண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவன் முனிரத்தினம், கரும்பு போடுகிறவன், நல்ல உடம்பு. அடிக்கிறவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பது அவன்தான். மூன்றாம் பேஸில் அர்ஜுனன் என்று ஒருவன், அதிகம் பேசமாட்டான், ஓட்டத்தில் கெட்டி. மூன்றாம் பேஸ் பக்கம் கூட்டம் உள்ளே உள்ளே வந்துகொண்டிருந்ததால், எங்கள் ஆட்கள் தெருவிலிருந்து பாவு முளைகளையே கொண்டுவந்து கோட்டுக்கு வெளியே நட்டு, இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். கையில் இருந்தது அதுதான், கட்டிவிட்டார்கள்.

கடைசிச் சுற்றில் தாமல்காரர்கள் அடித்து முடித்தபோது இரண்டு பக்கமும் ஆறு ஆறு ரன். எங்கள் தெருத் தனசேகரன் அடிக்க வந்தான். அவனும் தறிக்காரன்தான், நாலு வீடு தள்ளி. முதல் பந்தையே மூன்றாம் பேஸ் பக்கமாக ஓங்கி அடித்தான். அர்ஜுனன் தாவினான், கிடைக்கவில்லை. வந்த வேகத்தில் கயிற்றில் போய் விழுந்ததில், ஒரு முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பந்து அவனைத் தாண்டி எங்கோ போய்விட்டது. பின்னால் நின்றிருந்த தாமல் ஆட்கள் அதைத் தேடி ஓடினார்கள். தனசேகரன் ஒன்றாம் பேஸ், இரண்டாம் பேஸ் தாண்டி மூன்றாம் பேஸையும் மிதித்துவிட்டுத் திரும்பினான். இனி ஹோம்தான்.

அதற்குள் அர்ஜுனன் எழுந்து தன் இடத்துக்குத் திரும்பி வந்தான். இடுப்பில் கயிறு சுற்றியிருந்தது அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த முளை மண்ணில் கெட்டியாக இருந்தது. அவன் கோட்டைத் தாண்டி உள்ளே வர வர, கயிறு முளைக்கும் அவன் இடுப்புக்கும் நடுவில் விறைத்து, ஓடுகிற பாதைக்குக் குறுக்கே நின்றது.

தனசேகரன் அதைப் பார்த்தான். நின்றான். நின்றதோடு இல்லாமல், இடது கையைத் தலைமேல் வைத்து முடியை அமுக்கிக்கொண்டு, குனிந்து, கயிற்றில் முதுகு படாமல் மெதுவாக அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்தான். பிறகு ஓடினான். முனிரத்தினம் பந்தை வாங்கிக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்து தொட்டான்.

தாமல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஆட்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் நடக்கப் பழகின நாளிலிருந்து அப்படித்தான். இடுப்பு உயரத்தில் எது இழுத்துக் கட்டியிருந்தாலும் கால் தானாக நிற்கும், கை தானாகத் தலைக்குப் போகும். ஒரு முடி மாட்டினாலும் பட்டு இழை அறுந்துபோகும். அந்த நேரத்தில் அது கயிறா பாவா என்று யோசித்துப் பார்க்க மூளைக்கு நேரம் ஏது?

ஆட்டம் நின்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓடினவன் என் தெருக்காரன். அவனுக்கு நான் ஹோம் கொடுத்தால் ஆட்டம் முடிந்தது, எங்களுக்கு வெற்றி. வேலாயுதம் தன் தெருவுக்கே கொடுத்துக்கொண்டான் என்று தாமல் முழுக்கப் பேசும். இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பேச்சு என்மேல் வந்ததில்லை. நாயகியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கி அவுட் என்றேன்.

எங்கள் ஆட்கள் மொய்த்துவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்.

"யார்ரா தடுத்தது? அர்ஜுனன் மேல கை வெச்சானா? புடிச்சி இழுத்தானா? யாரும் தடுக்கல. அவனே நின்னான்!"

சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் கூடை உருளுகிற சத்தம் கேட்டது. நாயகி எழுந்து, புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நேராக மணலுக்குள் நடந்து வந்தாள். ஆட்டத்துக்குள் அவள் கால் வைத்தது அதுவே முதல் தரம். கூட்டம் விலகியது. விரல் காட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் எனக்கு எதிரே வந்து நின்றாள்.

"தொட்டாதான் தடுக்கறதுன்னு இதுல இல்லண்ணா. வேணும்னு பண்ணாதான்னும் இல்ல. பந்து கையில இல்லாதவங்க ஓடறவங்க வழியில இருந்தா, அதுவே தடுக்கறதுதான்" என்றாள்.

முனிரத்தினத்துக்கு ஒரு பெண் வந்து நியாயம் சொல்வது பொறுக்கவில்லை. அதற்கும் மேலே ஒரு கேலி.

"இன்னாம்மா பெரிய கயிறு? தாண்டிக் குதிச்சிக்கினு போவ வேண்டியதுதானே. எங்க ஊர்ல கன்னுக்குட்டி கூடத் தாண்டும்பா."

"உங்க ஊர்ல தாண்டும்" என்றாள் நாயகி. குரல் உயரவில்லை. அவள் அவனைப் பார்க்கவும் இல்லை, என்னைத்தான் பார்த்தாள். "எங்க தெருவுல பொறந்த கால் தாண்டாது. எங்க அண்ணனுக்கு அது தெரியும்."

எனக்கு அந்த இடத்திலேயே உடம்பு கூசிப் போயிற்று. கயிற்றைப் பற்றி அவள் பேசவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவளையும் என்னையும் தவிர அங்கே வேறு யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும், அந்த வார்த்தையை நான் மறுக்க முடியாது. போன வருஷம் விடிகாலையில் முளை நட்டபோது எனக்கு அது நன்றாகத் தெரியும். அவள் கால் தாண்டாது என்று தெரிந்துதான் பாவை விரித்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு விரல் தொடாமல், அவளை நிற்கவைத்தேன். அர்ஜுனன் தெரியாமல் செய்ததை நான் தெரிந்தே செய்தேன்.

முனிரத்தினம் மறுபடி ஏதோ சொன்னான், காதில் ஏறவில்லை. நான் அர்ஜுனனைக் கூப்பிட்டேன். கயிறு எங்கே இருந்தது என்று கேட்டேன்.

அவன் இன்னும் இடுப்பிலிருந்து அதை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "என் மேலதான் இருந்திச்சி. நான் வேணும்னு பண்ணலப்பா" என்றான்.

வேண்டுமென்று பண்ணவில்லை என்று எனக்கும் தெரியும், அது கேள்வி இல்லை என்றேன். பிறகு நாயகியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, தடுத்தால் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு வருஷத்தில் நான் ஒளிக்காமல் கேட்ட முதல் கேள்வி அது.

புத்தகத்தைத் திறக்காமலே சொன்னாள். "தடுக்காம இருந்தா எங்க போய்ச் சேர்ந்திருப்பாரோ, அங்க கொண்டுபோய் நிறுத்தணும். எங்கன்னு அம்பயர்தான் சொல்லணும்."

தனசேகரன் குனியாமல் ஓடியிருந்தால் முனிரத்தினம் கைக்குப் பந்து வருவதற்குப் பத்தடி முன்னாலேயே போயிருப்பான். அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. நான் சொன்ன அவுட் தப்பு என்று சொன்னேன். ஹோமைக் கைகாட்டி, போ, அது உனக்கு என்று தனசேகரனுக்குக் கொடுத்தேன்.

முனிரத்தினம் கையுறையைக் கழற்றி மணலில் அடித்தான். தெருப்பாசம் என்றான், பொட்டைப் பேச்சு கேட்கிற அம்பயர் என்றான், இன்னும் என்னென்னவோ சொன்னான். மற்ற நாளாயிருந்தால் நான் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அன்றைக்குக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன். அது எங்கள் ஆட்களுக்கே பயமாகிவிட்டது. வேலாயுதண்ணனுக்கு உடம்பு சுகமில்லையா என்று தனசேகரன் லோகாம்பாளிடம் போய்க் கேட்டானாம். கடைசியில் அர்ஜுனன்தான், வழியில நான்தான் நின்னுக்கினு இருந்தேன், வாப்பா போலாம் என்று முனிரத்தினத்தின் தோளில் கைபோட்டு வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு நடந்தபோது நாயகி எனக்கு முன்னால் லோகாம்பாளோடு போனாள். நான் பின்னால் போனேன். வழக்கமாக நான்தான் முன்னால் போவேன்.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன். வேர்வையில் ஓரம் நனைந்திருந்தது. தறி மேடையில் வைத்துத் தடவி நேராக்கி, பேனாவைத் தேடினேன். நாயகியே கொண்டுவந்து கொடுத்தாள். கையெழுத்துப் போட எனக்கு எப்போதும் நேரமாகும், எழுத்து எழுத்தாகத்தான் போடுவேன். அன்றைக்கு இன்னும் நேரமானது. போட்டு முடித்துத் தாளை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அப்போதாவது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நாயகி, போன வருஷம் உன்னை நான்தாம்மா தடுத்தேன்."

"தெரியும்ணா" என்றாள்.

இந்த ஒரு வருஷத்தில் ஒரு நாளாவது அவள் அதைச் சொல்லிச் சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். நானும் கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும். அவள் தினமும் வந்து வலது பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை வீசினாள், கரை ஒரு இழை பிசகவில்லை. அதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. நான் தடுக்காமல் இருந்தால் அவள் இந்நேரம் பயிற்சி முடித்து ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பாள், அந்த ஒரு வருஷத்தை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்று கேட்டேன்.

அவள் தாளை ஊதி மையைக் காயவைத்தாள். பிறகு, "வருஷமெல்லாம் அம்பயரால தர முடியாதுண்ணா. பேஸ் மட்டும்தான் தரலாம்" என்றாள். சொல்லும்போது லேசாகச் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். சமையல்கட்டிலிருந்து லோகாம்பாள், அந்தக் கரை நெளிந்தால் நெளிந்துவிட்டுப் போகட்டும் என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

மறுநாள் விடிகாலையில் எழுந்து கதவைத் திறந்தால் தெருவில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். பாவு விரிக்க வரச்சொன்னது நான்தானே, வேண்டாம் என்று சொல்ல மறந்தே போய்விட்டேன். தனசேகரன் இருட்டு பிரிவதற்குள் வந்து, என் வீட்டுக்கு முன்னால் வரிசையாக முளைகளை நட்டுவைத்திருந்தான். பாவை எடுத்துக்கினு வாண்ணா, வெயில் ஏறிடப் போவுது என்றான்.

இன்றைக்குப் பாவு இல்லை என்றேன். ஒருத்தருக்கும் புரியவில்லை. சொல்லிவிட்டுப் பாவு போடாமல் இருப்பது எங்கள் தெருவில் சாவு விழுந்தால்தான் நடக்கும். யாருக்கு என்ன ஆச்சு என்று நாலு பேர் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. என் தங்கச்சி மெட்ராஸ்ல டீச்சருக்குப் படிக்கப் போவுது. அதை பஸ் ஏத்தி, அங்க சேர்த்துட்டு வந்துதான் பாவு" என்றேன்.

சொல்லும்போதே நாயகி வெளியே வந்தாள். தலைக்குக் குளித்து, பின்னிய முடியில் ஈரம் இருந்தது. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் அந்தத் தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சந்து எதிர்ச் சாரியில் இருக்கிறது. வாசற்படி இறங்கித் தெருவில் நாலு அடி வைத்தாள். முளைகள் வரிசையாக நின்ற இடத்துக்கு வந்ததும் அவள் கால் நின்றது. தாள் பிடித்த கை மெதுவாகத் தலைக்குப் போனது. குனியப் போனாள்.

முளைகளுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. தனசேகரன் அவளைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டான். அவள் குனியப் போன மாதிரிதான் நேற்றைக்கு மணலில் அவனும் குனிந்தான்.

நான் வாசற்படி இறங்கி வந்து சொன்னேன்.

"ஒண்ணும் இல்லம்மா. குறுக்க ஒண்ணும் இல்ல. நேரா போ."

அவள் கையைத் தலையிலிருந்து எடுத்தாள். நிமிர்ந்து, இரண்டு முளைகளுக்கு நடுவே நடந்து எதிர்ச் சாரிக்குப் போய், திரும்பி எனக்காகக் காத்து நின்றாள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, துணிப்பையை வாங்கிக்கொள்ள அவள் பின்னால் போனேன்.